படுத்தால் ஓடும், நிமிர்ந்தால் நிற்கும்: ஒரு ஹாமில்டன் 992-இன் பழுது ஆய்வு

பொருள் ஒரு ஹாமில்டன் 992 பாக்கெட் வாட்ச். 16 சைஸ், 21 கல் (உராய்வைக் குறைக்கும் மாணிக்கத் தாங்கிகள்), முன்மூடி இல்லாத திறந்த முகம், லீவர் செட். இயந்திரத்தில் பொறித்திருக்கும் சீரியல் எண்ணை ஹாமில்டன் பட்டியலோடு ஒப்பிட்டால் 1920-களின் முற்பகுதி வருகிறது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் ஆலையில் செய்தது. உரிமையாளர் நியூ ஜெர்சியில் எங்கள் வட்டாரத்தில் இருக்கும் தமிழ் நண்பர், என்னைவிட வயதில் சின்னவர். பழைய வாட்ச் வாங்குவது அவருக்கு இதுதான் முதல் தடவை. இணைய ஏலத்தில் நானூறு டாலருக்குச் சற்றுக் கம்மியாகப் பிடித்திருந்தார்.

விற்றவர் கொடுத்த விவரத்தில் மூன்று உறுதிமொழிகள் இருந்தன: முழுக்க அசல், அண்மையில் சர்வீஸ் செய்தது, நன்றாக ஓடுகிறது.

"மேஜையில படுக்கப் போட்டா ஓடுது அண்ணா. பாக்கெட்ல வச்சா அரை மணி நேரத்துல நின்னுடுது. எடுத்து மறுபடி படுக்கப் போட்டா தானா ஓட ஆரம்பிக்குது. பேய் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

பேயெல்லாம் இல்லை. அவர் சொன்னதிலேயே பாதி நோய்க்குறிப்பு இருக்கிறது. வாட்ச் படுத்திருக்கும்போது, முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு, அதாவது ஸ்டாஃப், ஒரு கல்லின் மேல் முனை ஊன்றி நிற்கிறது. உராய்வு மிகக் குறைவு. நிமிர்த்தினால் ஸ்டாஃபின் இரண்டு முனைகளும் துளைக் கற்களின் சுவரில் பக்கவாட்டாக உரசிக்கொண்டு சுழல வேண்டும். நல்ல நிலையில் உள்ள வாட்சுக்கு இது பெரிய பாரமில்லை, வீச்சு, அதாவது சக்கரம் ஆடும் கோணம், கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். நின்றே போகிறது என்றால் இரண்டில் ஒன்று: வரும் சக்தி போதவில்லை, அல்லது ஸ்டாஃப் முனைகளில் ஏதோ கோளாறு. இந்த வாட்சில் இரண்டும் இருந்தன.

எதற்காகச் செய்த வாட்ச்

வேடிக்கை என்னவென்றால், பாக்கெட்டில் நிமிர்ந்து ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட ரகம் இது. அமெரிக்க ரயில்வே வாட்சின் கதையை எல்லாரும் 1891 ஏப்ரலில் ஒஹையோ மாநிலத்தின் கிப்டனில் நடந்த விபத்திலிருந்து தொடங்குவார்கள். விரைவுத் தபால் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிட வேண்டிய பயணி ரயில் நேரத்தோடு ஒதுங்கவில்லை, இரண்டும் மோதின. எஞ்சின் டிரைவரின் வாட்ச் நான்கு நிமிடம் நின்றுவிட்டு மறுபடி ஓடியது என்று சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு கிளீவ்லேண்ட் நகை வியாபாரி வெப் சி. பால் அந்த ரயில் பாதையின் நேரச் சோதனைக்குப் பொறுப்பேற்றார். விபத்துக்கு முன்பே சில ரயில் கம்பெனிகளில் வாட்ச் சோதனை இருந்தது. ஆகவே எல்லாப் புகழையும் பாலுக்குக் கொடுப்பது கொஞ்சம் மிகைதான். மனிதர் நல்ல விளம்பரக்காரரும்கூட. மற்ற ஆலைகளில் செய்து வாங்கிய இயந்திரங்களில் தன் பெயரைப் பொறித்து விற்றவர். ஆனாலும் இன்று நாம் ரயில்வே தரம் என்று சொல்லும் விதிகள் பரவியதில் அவர் பங்கு பெரிது.

அந்த விதிகள் படிப்படியாக இறுகி வந்தன: 16 அல்லது 18 சைஸ், திறந்த முகம், குறைந்தது 17 கல், வெள்ளை டயலில் பளிச்சென்ற கறுப்பு எண்கள், சாவி கொடுக்கும் குமிழான கிரவுன் 12 மணிக்கு நேராக, வாரத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகக் கூடாது. அப்புறம் ஐந்து நிலைகளில் சரிசெய்திருக்க வேண்டும் என்பதும் சேர்ந்தது: டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் மேலே, கிரவுன் இடது, கிரவுன் வலது. கிரவுன் கீழே என்ற ஆறாவது நிலையை விட்டுவிட்டார்கள். பாக்கெட்டில் யாரும் வாட்சைத் தலைகீழாக வைத்துக்கொள்வதில்லை.

லீவர் செட் என்பதும் இந்த விதிகளில் வந்ததுதான். கிரவுனை இழுத்து முள்ளைத் திருப்ப முடியாது. முன்பக்கக் கண்ணாடி வளையத்தைத் திருகிக் கழற்றி, டயல் விளிம்போரம் ஒளிந்திருக்கும் சின்ன லீவரை நகத்தால் வெளியே இழுத்து, அப்புறம்தான் நேரம் வைக்க வேண்டும். சாவி கொடுக்கும்போது கை தவறி முள் நகர்ந்துவிடக் கூடாது என்ற எச்சரிக்கை. நம் நண்பருக்கு இது தெரியாது. விற்றவரும் சொல்லவில்லை. "கிரவுனை இழுத்துப் பார்த்தேன், வரவே இல்லை" என்றார். நல்ல வேளை, குறடு எடுக்கவில்லை.

முதல் உறுதிமொழி: முழுக்க அசல்

பின்மூடியைத் திருகித் திறந்து லென்ஸில் முதலில் பார்த்தது இயந்திரத்தை அல்ல, கேஸின் உள்விளிம்பை. இயந்திரத்தைக் கேஸோடு பிடித்துவைக்க ஓரத்தில் இரண்டு சின்னத் திருகுகள் உண்டு. இறுக்கும்போது அவற்றின் தலை கேஸின் விளிம்பை அழுத்திப் பிறைபோல ஒரு தழும்பை உண்டாக்கும். இந்தக் கேஸில் திருகு உட்கார்ந்திருந்த இடத்தில் பளபளப்பான தழும்பு இருந்தது. சற்றுத் தள்ளி, இப்போது எந்தத் திருகும் இல்லாத இடத்தில், கறுத்துப்போன இன்னொரு ஜோடித் தழும்பு. அதுதான் ஆழமானது. ஆக, இந்தக் கேஸில் நெடுநாள் குடியிருந்தது வேறொரு இயந்திரம்.

"ஏமாத்திட்டாங்களா அண்ணா?" என்று நண்பரின் முகம் வாடிவிட்டது.

ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. வால்தம், எல்ஜின், ஹாமில்டன் எல்லாமே அந்தக் காலத்தில் பெரும்பாலும் இயந்திரத்தை மட்டுமே செய்து விற்றன. கேஸ் செய்தவை வேறு கம்பெனிகள்: கீஸ்டோன், கிரசென்ட், ஃபாய்ஸ் என்று ஒரு வரிசை. வாடிக்கையாளர் நகைக்கடைக்குப் போய், தன் தேவைக்கு ஒரு இயந்திரத்தையும் தன் பைக்கு ஏற்ற ஒரு கேஸையும் தேர்ந்தெடுப்பார். கடைக்காரர் இரண்டையும் அங்கேயே பொருத்திக் கொடுப்பார். 16 சைஸ் என்றால் இயந்திரத்தின் அடித்தகடு 43.18 மில்லிமீட்டர், 18 சைஸ் என்றால் 44.86. எந்த ஆலை இயந்திரமும் அந்தச் சைஸ் கேஸில் உட்கார வேண்டும் என்பதற்காகவே இந்த ஒழுங்கு. கிரவுனின் தண்டுகூட அமெரிக்க வாட்சில் கேஸைத்தான் சேர்ந்தது, இயந்திரத்தைச் சேர்ந்ததல்ல. கேஸ்களை ஆலையிலேயே பொருத்தி முழு வாட்சாக விற்கும் வழக்கம் பெருகியது 1920-களின் நடுவிலிருந்துதான். இந்த 992 அதற்குச் சற்று முந்தையது. ஆகவே இதில் 'அசல் கேஸ்' என்றால் முதலில் விற்ற கடைக்காரர் பொருத்திய கேஸ் என்றுதான் பொருள் கொள்ள முடியும்.

கேஸும் இயந்திரமும் பிரிந்ததற்குப் பொதுவான காரணம் ஒன்று உண்டு. தங்கம் விலை ஏறும்போதெல்லாம் கெட்டித் தங்கக் கேஸ்கள் உருக்கு உலைக்குப் போகின்றன. இயந்திரங்கள் மட்டும் அநாதையாக டப்பாக்களில் கிடக்கும். யாராவது அவற்றை எடுத்துத் தங்கத் தகடு போர்த்திய கேஸில் போட்டு விற்பார்கள். ஒருவகையில் அது உயிர் காப்பதுதான். ஆனால் போட்டவர் அதைச் சொல்ல வேண்டும். மாற்றுக் கேஸில் இருப்பது குற்றமில்லை, 'முழுக்க அசல்' என்று விற்பதுதான் குற்றம்.

பின்மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் கீறிய சின்னச் சின்ன எழுத்துகளும் எண்களும் இருந்தன. ஒவ்வொரு முறை பழுது பார்க்கும்போதும் அந்தந்த ரிப்பேர்க்காரர் தன் குறியீட்டைக் கீறிவைப்பது வழக்கம். பலர் இதை அந்த வாட்சின் ஜாதகமாக எடுத்துக்கொண்டு கதை கட்டிவிடுவார்கள். கேஸ் மாறியிருந்தால் அந்த ஜாதகம் வேறு யாருடையதோ. இங்கே அப்படித்தான்: கீறல்கள் எல்லாம் குடிபோன பழைய இயந்திரத்துக்குச் சொந்தம்.

இரண்டாம் உறுதிமொழி: சர்வீஸ் செய்தது

இதற்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. மேல்தகடுகளுக்கு இடையே லென்ஸ் வைத்துப் பார்த்ததுமே தெரிந்தது, எண்ணெய் குளம் கட்டி நின்றது. வாட்சில் எண்ணெய் என்பது கல்லின் மேலுள்ள குழிவான கிண்ணத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி. அதற்கு மேல் போட்டால் பரப்பு இழுவிசை உடைந்து எண்ணெய் தகட்டில் பரவிவிடும், வேண்டிய இடம் காய்ந்துபோகும். இதில் யாரோ பின்மூடியைத் திறந்து எதையோ தாராளமாகப் பீச்சியிருக்கிறார்கள். அது நாள்பட்ட பழைய எண்ணெயின் பிசினைக் கொஞ்சம் இளக்கி வாட்சைச் சில வாரம் ஓடவைக்கும். ஏலம் முடிந்து பார்சல் போய்ச் சேர அது போதும்.

புதிய எண்ணெய்க்கு அடியில் பழையது அரக்குப்போல் இறுகிக் கிடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க வாட்ச்காரர்கள் பயன்படுத்திய நல்ல எண்ணெய் கடல்பன்றி இனங்களின் தாடையிலிருந்து எடுத்தது. மாசசூசெட்ஸின் நியூ பெட்ஃபோர்டில் வில்லியம் நை நடத்திய கம்பெனி அதற்குப் பேர்போனது. அந்த வகை எண்ணெய்கள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சில ஆண்டுகளில் மக்கிப் பிசினாகும். இப்போதைய செயற்கை எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதனாலேயே 'ஓடுகிறதே, எதற்குச் சர்வீஸ்' என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பது என் புலம்பல்.

முழுவதும் கழற்றியே ஆக வேண்டும். ஸ்பிரிங்கின் விசையை முதலில் இறக்கினேன். கிரவுனைப் பிடித்துக்கொண்டு, தடுப்புப் பல்லை விலக்கி, விரல்களுக்கிடையே மெதுவாகத் திரும்பவிட வேண்டும். அவசரப்பட்டால் பல் உடையும்.

வாட்சுக்குச் சக்தி தரும் மெயின்ஸ்பிரிங்கை, அது சுருண்டிருக்கும் டப்பியான பேரலிலிருந்து எடுத்துத் தாளில் வைத்தேன். நல்ல ஸ்பிரிங் வெளியே வந்ததும் விரிந்து, எதிர்ப்பக்கமாக வளைந்துகூடப் படுக்கும். இது பேரலுக்குள் எப்படிச் சுருண்டிருந்ததோ அதைவிடக் கொஞ்சம்தான் பெரிதாகச் சுருண்டு கிடந்தது. பழைய நீலக் கார்பன் எஃகு. பல பத்தாண்டுகள் சாவி கொடுத்துக் கொடுத்து வலுவிழந்துவிட்டது. சக்தி போதவில்லை என்ற முதல் சந்தேகத்துக்கு விடை இதுதான்.

மாற்றாக வெள்ளை உலோகக் கலவை ஸ்பிரிங் போட்டேன். அகலம், கனம், நீளம் மூன்றும் பழையதோடு பொருந்த வேண்டும். முனையில் இருக்கும் கொக்கியின் வடிவமும் பேரலோடு பொருந்த வேண்டும். புதுக் கலவை நல்ல முறுக்குள்ளது என்பதால் கனத்தில் ஒரு படி ஏறினாலும் வினைதான். பேலன்ஸ் அளவுக்கு மீறி வீசி, அதற்கு உந்துதல் தரும் கவையான பேலட் ஃபோர்க்கின் கொம்பைப் பின்புறமாக வந்து இடிக்கும். வாட்ச் குதிரைபோல் ஓடும், மணிக்கணக்கில் முந்தும். 'நல்ல பலமான ஸ்பிரிங்' என்று யாராவது விற்றால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாம் உறுதிமொழி: நன்றாக ஓடுகிறது

சுத்தம் செய்வதற்கு முன்பே, டிக் ஒலியைக் கேட்டு வேகத்தையும் வீச்சையும் காட்டும் டைமிங் மெஷினில் வைத்துப் பார்த்திருந்தேன். முழுச் சாவியில் டயல் மேலே இருந்தபோது வீச்சு 190 டிகிரி. டயல் கீழே 215. கிரவுன் மேலே 140-இல் தொடங்கி, இறங்கிக்கொண்டே போய் நின்றது. படுத்த இரண்டு நிலைகளுக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் வரக் கூடாது. இரண்டிலும் உராய்வு ஒன்றுபோல் இருக்க வேண்டும். அப்படி இல்லை என்றால் ஸ்டாஃபின் இரு முனைகளில் ஒன்று மட்டும் கெட்டிருக்கிறது.

இன்னொரு தடயமும் கண்ணெதிரே இருந்தது. இந்த ரகத்தில் நேரத்தை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கச் சவுக்குபோல் வளைந்த ஒரு ஸ்பிரிங்கோடு ரெகுலேட்டர் இருக்கும். அழகான வேலைப்பாடு. அதன் ஊசி முந்தும் பக்கத்தின் கடைசிக் கோட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆலையிலிருந்து வந்தபோது அது நடுவில் இருந்திருக்கும். யாரோ வாட்ச் பின்தங்குவதைப் பார்த்துக் காரணம் தேடாமல் ஊசியைத் தள்ளிக்கொண்டே போயிருக்கிறார்கள்.

பேலன்ஸைத் தாங்கும் பாலத்தைக் கழற்றித் திருப்பினேன். அதன் காலடியில், அடித்தகட்டில் உட்காரும் சமதளத்தில், பஞ்ச் வைத்துத் தட்டிய மூன்று புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் எரிமலை வாய்போல உலோகம் மேலெழும்பியிருந்தது. பழைய வாட்ச்களைத் தொடுகிற எல்லாரும் ஒரு நாள் இதைப் பார்ப்பார்கள். ரிப்பேர்க்காரர் ஒரு புது ஸ்டாஃப் போடுகிறார். அது ஒரு மயிரிழை நீளம் கூடுதல். மேல்கல் ஸ்டாஃபை அழுத்துகிறது, சக்கரம் சுழலவில்லை. சரியான ஸ்டாஃபைத் தேடுவதற்குப் பதில் பாலத்தின் அடியில் பஞ்ச் அடித்து உலோகத்தைக் கிளப்பிவிடுகிறார். பாலம் உயர்கிறது, சக்கரம் சுழல்கிறது, காசு வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்.

ஆனால் பாலம் நேராக உயர்வதில்லை. ஒரு பக்கம் தூக்கிச் சாய்கிறது. மேல்கல்லும் கீழ்க்கல்லும் ஒரே செங்குத்துக் கோட்டில் இல்லாமல் போகின்றன. படுத்த நிலையில் ஸ்டாஃப் ஒரு முனையில் நிற்பதால் இது அவ்வளவாகத் தெரியாது. நிமிர்த்தினால் இரு முனைகளும் துளைக்குள் கோணலாக மாட்டிக்கொண்டு சுழல வேண்டும். ஸ்டாஃபை எடுத்துப் பார்த்தபோது கீழ்முனை ஒழுங்காக உருண்டு மெருகோடு இருந்தது. மேல்முனையில் ஒரு பக்கம் தேய்ந்து வரிப்பள்ளம் விழுந்திருந்தது. அந்தச் சாய்வில் பல ஆண்டு ஓடியதன் விளைவு. முனையின் குறுக்களவே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுத்தான் மேல். அதில் பள்ளம் விழுந்தால் மெருகேற்றிச் சரிசெய்ய மிச்சம் ஒன்றுமில்லை. புது ஸ்டாஃப்தான்.

நூறு வயது வாட்சுக்கு ஸ்டாஃப் எங்கே கிடைக்கும் என்றால், கிடைக்கும். ஒவ்வொரு வாட்சுக்கும் தனியாகச் செதுக்காமல் ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் பாகங்கள் செய்வது அமெரிக்க ஆலைகளின் மூச்சு. 1850-களில் வால்தமில் தொடங்கியது இது. 1876-இல் பிலடெல்பியா நூற்றாண்டு விழாக் கண்காட்சிக்கு வந்த சுவிஸ் பொறியாளர் ஜாக் டேவிட் இந்த ஆலைகளைப் பார்த்துவிட்டு ஊருக்கு எழுதிய அறிக்கை அங்கே பெரிய கலக்கத்தை உண்டாக்கியது. அந்த முறையால்தான், ஆலைகளே இல்லாமல் போன பிறகும் பாகங்கள் மிச்சமிருக்கின்றன. எல்ஜின் ஆலையை 1960-களில் இடித்துவிட்டார்கள். ஹாம்ப்டன் ஆலையின் இயந்திரங்களை 1930-இல் சோவியத் யூனியன் வாங்கி மாஸ்கோவுக்குக் கொண்டுபோனது. ஹாமில்டன் 1969-இல் அமெரிக்க உற்பத்தியை நிறுத்தியது, பெயர் மட்டும் இப்போது சுவிஸ் நிறுவனத்தில் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்து ஆலை முத்திரையோடு ஸ்டாஃப்கள் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் பழைய ரிப்பேர் கடைகளின் சரக்கோடு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. 992-க்குப் பஞ்சமில்லை. இந்த ரகம் 1940 வரை ஓடியது, அதன் வாரிசான 992பி 1969 வரை வந்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். ஒரே மாடலுக்கே முனைக் கனத்தில் நூறில் ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பல ஸ்டாஃப்கள் செய்தார்கள். கல்துளைக்கு எது பொருந்துகிறதோ அதைப் போட வேண்டும். மாடல் எண் பொருந்துகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டதால்தான் முந்தைய ரிப்பேர்க்காரருக்குப் பஞ்ச் தேவைப்பட்டது.

இந்தப் பேலன்ஸில் ஸ்டாஃப் ரிவெட் அடித்துப் பொருத்தியது. பழையதைச் சுத்தியால் தட்டி வெளியேற்றினால் ரிவெட் விரிந்த பகுதி சக்கரத்தின் கைகளில் உள்ள துளையைக் கிழித்துப் பெரிதாக்கும். ஆகவே லேத்தில் பிடித்து அடிப்பகுதியைக் கடைந்து தளர்த்திவிட்டுத்தான் எடுத்தேன். பாலத்தின் அடியில் எழும்பியிருந்த உலோகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்த்துச் சமமாக்கினேன். எழும்பியதை மட்டும்தான், ஆலை விட்ட தளத்தைத் தொட்டுவிட்டால் பாலம் தாழ்ந்து புதுத் தலைவலி வரும். பஞ்ச் அடித்த குழிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. அவற்றால் தீங்கில்லை.

புது ஸ்டாஃபை ரிவெட் செய்ததும் சக்கரம் கொஞ்சம் ஆட்டம் கண்டிருந்தது. இந்தக் காலத்து பேலன்ஸ் சக்கரம் வெளியே பித்தளை, உள்ளே எஃகு என்று இரட்டை உலோகம். வளையம் இரண்டு இடத்தில் வெட்டப்பட்டிருக்கும். வெப்பம் ஏறினால் வெட்டிய முனைகள் உள்ளே வளைந்து, பேலன்ஸைத் திரும்ப இழுக்கும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங் தளர்வதை ஈடுகட்டும். அருமையான யோசனைதான், ஆனால் வெட்டிய வளையம் கை பட்டாலே நெளியும். மெல்ல மெல்லத் திருத்தினேன். அப்புறம் எடைச் சமன். மாணிக்கக் கல் விளிம்புகளின் மேல் சக்கரத்தைக் கிடத்தி உருட்டினால், கனமான பக்கம் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்துத் திருகில் மிகச் சின்னதாக எடை குறைக்க வேண்டும். எங்கே நிறுத்தினாலும் அங்கேயே நிற்கும்வரை இது தொடரும். நிமிர்ந்த நிலைகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டுவதற்குப் பெரும்பாலும் இந்தச் சமனின்மைதான் காரணம். ரெகுலேட்டர் ஊசியால் இதைச் சரிக்கட்ட முடியாது, மறைக்க மட்டும்தான் முடியும்.

ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருந்தது. திசைகாட்டியை மேலே பிடித்தால் பேலன்ஸின் தாளத்துக்கு அதன் முள்ளும் ஆடியது. நீல எஃகுக்கு இந்தக் காலத்து போன்களும் ஸ்பீக்கர்களும் ஆகாது. காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலை.

செய்யாமல் விட்டவை

நண்பரின் ஆசைப் பட்டியல் பெரிது. கேஸுக்குத் தங்க முலாம், புது டயல், தகடுகளுக்கு மெருகு. "புதுசு மாதிரி ஆக்கிடலாம்ல?" என்றார். முடியும், செய்ய மாட்டேன் என்றேன்.

கேஸ் தங்கத் தகடு போர்த்தியது, உள்ளே 20 ஆண்டு உத்தரவாதம் என்று அச்சு இருக்கிறது. பித்தளையின் இரு பக்கமும் தங்கத் தகடு வைத்து உருட்டிச் செய்யும் இந்த முறைக்கு ஜேம்ஸ் பாஸ் 1859-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மின்முலாமைவிடப் பல மடங்கு கனம். இந்த ஆண்டுக் கணக்கு உத்தரவாதத்தை 1924-இல் அரசு தடைசெய்தது, ஆகவே கேஸ் அதற்கு முந்தையது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. விளிம்பிலும் கிரவுனுக்கு மேலுள்ள வளையத்திலும் பித்தளை எட்டிப்பார்க்கிறது. அதைப் பாலிஷ் செய்தால் மிச்சத் தங்கமும் போகும். மேலே முலாம் பூசினால் தேய்மானம் மறையும், கூடவே செதுக்கல்களின் கூர்மையும் மழுங்கும். துணியால் துடைத்ததோடு சரி.

டயல் செம்புத் தகட்டின் மேல் எனாமல் சுட்டது. 1 முதல் 60 வரை எல்லா நிமிடங்களுக்கும் எண் போட்ட மான்ட்கோமரி வகை. சாண்டா ஃபே ரயில்வேயின் வாட்ச் மேற்பார்வையாளர் ஹென்றி மான்ட்கோமரி பெயரால் வழங்குவது. சேகரிப்பாளர்களுக்குப் பிடித்தமானது. விநாடி வட்டத்தின் அருகில் இரண்டு மயிரிழை விரிசல், அவற்றில் அழுக்கு ஏறிக் கறுப்பாகத் தெரிந்தது. பல்செட் ஊறவைக்கும் மாத்திரையைக் கரைத்த வெந்நீரில் போட்டு எடுத்தால் அழுக்கு போகும், விரிசல் இருக்கும், ஆனால் கண்ணில் படாது. அதற்கு முன் கம்பெனிப் பெயர் எனாமலோடு சேர்த்துச் சுட்டதுதானா என்று ஓரத்தில் சோதிக்க வேண்டும். மேலே வெறுமனே எழுதியதாக இருந்தால் கரைந்துவிடும். இது சுட்டது.

தகடுகளின் மேல் நிக்கலில் அலை அலையாக ஒரு வேலைப்பாடு உண்டு. டமாஸ்கினிங் என்பார்கள். ஆழம் என்று சொல்லவே முடியாத மெல்லிய கோடுகள் அவை. தேய்த்தால் திரும்ப வராது. எண்ணெய் நின்ற ஓர் இடத்தில் மங்கலான கறை தங்கிவிட்டது, அப்படியே விட்டேன்.

மாற்றியது நிமிட முள்ளை மட்டும். முன்பு இருந்தது நிமிடக் கோடுகளைத் தொடாமல் குட்டையாக நின்றது. வேறு ஏதோ வாட்சின் முள். அழகுக்காக இருந்தால் விட்டிருப்பேன். ஆனால் நிமிடத்துக்கு நிமிடம் எண் போட்ட டயலில் முள் கோட்டைத் தொடவில்லை என்றால் அந்த டயலுக்கு வேலையே இல்லை. உலோகக் குப்பையாக வாங்கிய ஒரு துருப்பிடித்த 16 சைஸ் ஹாமில்டனிலிருந்து பொருத்தமான முள் கிடைத்தது. மீட்க முடியாத நிலையில் இருந்த இயந்திரம் என்பதால் மனச்சாட்சி உறுத்தவில்லை. ஓடக்கூடிய வாட்சைப் பிரித்துப் பாகம் எடுப்பது எனக்கு ஒப்பாது, 992 எவ்வளவு மலிந்து கிடந்தாலும் சரி.

முடிவு

புது ஸ்பிரிங், புது ஸ்டாஃப், சரியான அளவு எண்ணெயோடு முழுச் சாவியில் டயல் மேலே 275 டிகிரி, டயல் கீழே 270. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கிவிட்டன. கிரவுன் மேலே 245, நிற்கவில்லை. ஐந்து நிலைகளுக்கும் இடையே அதிகபட்ச வித்தியாசம் நாளுக்கு 12 விநாடி. ஆலையில் புதிதாக வெளிவந்த 992 இதைவிட நன்றாக இருந்திருக்கும். கிரவுன் இடது நிலையில் இன்னும் கொஞ்சம் இழுக்கிறது, எடைச் சமனை மேலும் நோண்டினால் குறையலாம். ஆனால் திருகுகளில் ஏற்கெனவே முந்தைய ஆட்கள் சுரண்டியிருக்கிறார்கள், இன்னும் சுரண்ட எனக்கு மனமில்லை. ரெகுலேட்டர் ஊசி நடுக்கோட்டுக்கு ஒரு கோடு தள்ளி நிற்கிறது. பாக்கெட்டில் வைத்து ஓட்டியதில் நாளுக்கு மூன்று, நான்கு விநாடி முந்துகிறது. ரயில்வே விதியின் வாரம் 30 விநாடிக்குள்தான்.

பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று நண்பர் யோசித்தார். ஏலத்தின் கெடு முடிந்திருந்தது. எப்படியும் மாற்றுக் கேஸில் இருக்கும் ஒரு 992-க்கு அவர் கொடுத்தது அநியாய விலை இல்லை, சர்வீஸ் செலவையும் சேர்த்துப் பார்த்தால் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அடுத்த தடவை வாங்கும்போது கேஸ் விளிம்பின் படத்தையும், வாட்சை நிமிர்த்திப் பிடித்து எடுத்த வீடியோவையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

தினமும் காலையில் சாவி கொடுக்கச் சொன்னேன், இரவில் கொடுத்தால் பகலின் ஆட்டமெல்லாம் ஸ்பிரிங் தளர்ந்த நேரத்தில் வரும். ஐந்தாண்டுக்கு ஒரு முறை திறந்து பார்த்தால் போதும். கழற்றிய ஸ்டாஃப், ஸ்பிரிங், குட்டை முள் மூன்றையும் ஒரு சின்ன உறையில் போட்டு, என்ன மாற்றியது, எதைத் தொடவில்லை, பாலத்தின் அடியில் உள்ள பஞ்ச் குழிகள் என் வேலை அல்ல என்பதையும் ஒரு அட்டையில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தேன். கேஸின் உட்புறத்தில் நான் எதையும் கீறவில்லை.